துணியை விலக்காமல்

பிரசவ வார்டில் அவனுக்கென்று ஓர் இடம் இருந்தது: பச்சைத் திரைக்கு வெளியே, கைகழுவும் தொட்டியை ஒட்டி. நர்சிங் வகுப்பில் கூடப் படிக்கும் பெண்களெல்லாம் திரைக்குள் போய்விட, நெட்டையன் என்று எல்லாரும் கூப்பிடும் அவன் மட்டும் கத்தரிக்கோல்களைக் கழுவிக்கொண்டு நிற்பான். கூச்சம் பிடுங்கித் தின்னும். விடுதிக்குப் போனால், "என்னடா மருத்துவச்சி, இன்னிக்கு ஆணா பொண்ணா?" என்று நண்பர்கள் வேறு வாயைக் கிண்டுவார்கள்.

அன்று வந்த பெண்ணுக்குத் தலைப்பிரசவம். நெட்டையனைக் கண்டதும் அவள் கணவனின் முகம் கறுத்தது.

"சிஸ்டர், இந்த ஆள் உள்ள வரக்கூடாது."

"ஸ்டூடண்ட்தாங்க. நான் கூடவே இருப்பேன்," என்றாள் வார்டு சிஸ்டர்.

"யாரா இருந்தா என்ன, ஆம்பளதானே?"

நெட்டையன் தானாகவே ஒதுங்கிக்கொண்டான். சற்று நேரத்தில் வந்த டாக்டரும் ஆண்தான். அவருக்குக் கணவன் கும்பிட்டு வழிவிட்டான்.

திரைக்குள் அலறல் அடங்கியது. அடுத்து வரவேண்டிய அழுகை வரவில்லை. நெட்டையன் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அப்போதும் வரவில்லை. சிஸ்டர் ஒரு துணிச்சுருளோடு வெளியே வந்தாள்.

"அவளுக்கு ரத்தம் நிக்கல, எனக்குக் கை ஒழியாது. நீ இவனக் குளிப்பாட்டிச் சுத்திக் குடுத்துடு."

"சிஸ்டர், உயிர்..."

"இல்லப்பா."

இதுவரை அவன் குளிப்பாட்டியதெல்லாம் வகுப்பில் இருந்த ரப்பர் பொம்மையைத்தான். முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, வெந்நீரை விளாவினான். இந்தப் பதம் யாருக்கு என்று பிறகுதான் உறைத்தது. ஆனாலும் அந்த நீரில்தான் குளிப்பாட்டினான். கழுத்து மடிப்பு, கக்கம், விரலிடுக்கு, ஒன்றையும் விடவில்லை.

கணவன் கையில் கொடுத்தபோது அவன் துணிச்சுருளை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டான். பெண்ணின் அம்மாதான் பேசினாள். "அவ கண்ணுல காட்டிடாதீங்க மாப்ள. தாங்க மாட்டா. சீக்கிரம் கொண்டுபோயிடுங்க."

ரத்தம் ஒருவழியாக நின்றது. மாலையில் நெட்டையன் மாத்திரை கொண்டுபோனபோது அவள் கண்விழித்திருந்தாள்.

"நீங்கதான் குளிப்பாட்டினீங்களாமே தம்பி. எப்படி இருந்தான்? யாரும் வாயத் திறக்க மாட்டேங்குறாங்க."

அம்மா பின்னாலிருந்து வேண்டாமென்று கையாட்டினாள். அவன் அவள் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"முடி நிறைய இருந்துச்சுக்கா. காதோரம் சுருண்டிருந்துச்சு. கால் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல ஏறியிருந்துச்சு."

அவள் போர்வைக்குள்ளிருந்து காலை வெளியே நீட்டினாள். அவள் சுண்டுவிரலும் அப்படித்தான் ஏறியிருந்தது.

"கண்ணு?"

"தொறக்கலக்கா."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது.

"கெளறி விட்டுட்டியா? இப்ப நிம்மதியா?" என்று அம்மா சீறினாள். அவன் மாத்திரையை வைத்துவிட்டு நகர்ந்தான்.

வாசலில் அந்தக் கணவன் நின்றிருந்தான். வேட்டியெல்லாம் மண். அடி விழப்போகிறது என்றுதான் நெட்டையன் நினைத்தான்.

"எந்தக் கால்?" என்று கேட்டான் கணவன்.

"வலது."

"நான் துணிய விலக்கிப் பாக்கவே இல்ல," என்றான் அவன். "அப்படியே வச்சு மூடிட்டேன்."

இருவரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.