பொன் உருகுமுன்

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானைக்குள் விழுந்ததாம். ஜெயரூபியின் கதையும் அதுதான். அவள் பல்கலைக்கழகத்தில் இரத்த நோய் ஆய்வாளர். ஒரே கேள்விக்கு உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தேடிப் பிடித்து, சுளகில் இட்டுப் பதர் நீக்கி, மிஞ்சியதைக் கொண்டு முடிவு சொல்வது அவளுடைய வேலை. கடைசியாக அவள் புடைத்த கேள்வி, திருமணத்துக்கு முன் இரத்தம் சோதித்தால் தலசீமியா எனும் பரம்பரை இரத்தக் குறையோடு பிள்ளைகள் பிறப்பது குறையுமா என்பது. சம்பந்தம் பேசுமுன் சொன்னால் குறையும், நாள் குறித்தபின் சொன்னால் பயனில்லை என்று அடித்து எழுதியிருந்தாள்.

அப்படி எழுதியவள்தான் தன் தம்பி சுஜிதனுக்கு நாள் குறிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்தக் குறை அக்கா தம்பி இருவரின் இரத்தத்திலும் ஒளிந்திருப்பது முன்பே தெரியும். அதனால் அவர்களுக்கு ஒரு கெடுதியும் இல்லை. ஆனால் கட்டப்போகும் பெண்ணிலும் அது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. நோய் பிடித்த பிள்ளை மாதாமாதம் பிறருடைய இரத்தத்தை ஏற்றித்தான் உயிர் வாழவேண்டும்.

பெண்ணையும் சோதிப்போம் என்று அவள் வாயெடுத்த போதெல்லாம் தாய் சிவனேஸ்வரி அடக்கிவிட்டா. "பொருத்தம் பாத்தாச்சு. இனி ஊசி குத்தச் சொல்லிக் கேக்கிறதோ? பொம்பிளை வீட்டார் என்ன நினைப்பினம்?" ஜெயரூபியும் பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட்டாள். படித்த படிப்பெல்லாம் தாயின் ஒரு முறைப்பில் ஆவியாகிவிடும். வெட்கக்கேடுதான். போன கிழமைதான் துணிந்து, செட்டிகுளத்தில் இருக்கும் மணப்பெண் கஜனியைத் தொலைபேசியில் அழைத்துக் கெஞ்சினாள். அந்தப் பிள்ளை மறுபேச்சில்லாமல் போய் இரத்தம் கொடுத்தது.

இன்று மாங்குளத்தில் சுஜிதனின் வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்கான பொன் உருகிவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி, பிறகு யாரும் நிறுத்த மாட்டார்கள். தாலி செய்யும் பத்தர் உமிச்சட்டியில் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஜெயரூபிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பு எரியும் குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்தாள். மாவிலை கேட்டவர்களுக்கு வெற்றிலையைக் கொடுத்தாள்.

கிணற்றடியில் நிற்கும்போது கஜனி தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, முடிவு வந்திட்டுது. எனக்கும் இருக்காம்."

ஜெயரூபி கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தாள்.

"பொன் உருக்கியாச்சோ?" என்று கேட்டாள் கஜனி.

"இன்னும் இல்லை."

"அப்ப அவரிட்டச் சொல்லுங்கோ. வேண்டாமெண்டால் நான் கோவிக்கமாட்டன். ஆனால் தெரியாமல் உருக்க வேண்டாம்."

பட்டுவேட்டியோடு நின்ற சுஜிதனைக் கிணற்றடிக்கு இழுத்துவந்து எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளேயிருந்து தாய், "நேரம் போகுது!" என்று கத்தினா. அவன் அந்தப் பக்கம் திரும்பாமல் அக்காவிடம் கேட்டான்.

"அக்கா, உங்கட ஆய்வில, இப்பிடிக் கடைசி நேரத்தில கேள்விப்பட்டவை என்ன செய்தவை?"

"கனபேர் கட்டினவை."

"அவையை என்னெண்டு எழுதினனீங்கள்?"

"சொல்லியும் பயனில்லை எண்டு."

"அவை பிறகு பிள்ளை பெத்தவையோ, பெறாமலே இருந்தவையோ, வேற பிள்ளையைத் தத்தெடுத்தவையோ?"

"அதை ஒருத்தரும் கேக்கேல்லை. நானும்தான்."

அவன் தொலைபேசியில் கஜனியை அழைத்தபடி பூவரசு வேலியோரம் தள்ளிப்போனான். என்ன கதைத்தார்கள் என்று ஜெயரூபிக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவனுடைய கண் சிவந்திருந்தது.

"கட்டுறம். பெத்துப் பாத்துச் சூதாட மாட்டம். அதை ரெண்டு பேரும் முடிவெடுத்திட்டம். அம்மாவுக்கு மட்டும் நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு வாய் வராது."

சங்கு ஊதினார்கள். சுஜிதன் பொன் நாணயத்தைப் பத்தரின் கையில் கொடுத்தான். அது உருகி மஞ்சள் மணியாகத் திரண்டது. சிவனேஸ்வரி தட்டில் ஏந்திப் பார்த்துப் பூரித்துப்போனா.

"வடிவாய் உருண்டிருக்கு. வாற வருசம் இந்த வீட்டில தொட்டில் ஆடும்."

ஜெயரூபி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, குசினிக்க வாங்கோ. ஒரு கதை இருக்கு."

"ஆக்கள் நிக்கினம், பிள்ளை. பிறகு சொல்லன்."

"பிறகு பிறகு எண்டுதான் இவ்வளவும் வந்தது," என்றாள் ஜெயரூபி. பிடித்த கையை அவள் விடவில்லை. "இப்பவே வாங்கோ."