ஜூன் முப்பத்தொன்று

1

இந்தக் கதையை நானாக எழுத வரவில்லை. எங்கள் சபைச் செயலாளர் எழுதச் சொன்னார். 'தினமும் பைபிள் வாசிக்கும் பழக்கம்' என்ற அவருடைய திட்டம் அமோக வெற்றியாம். சபை இதழுக்கு உருக்கமாக இரண்டு பக்கம் வேண்டுமாம். சபையில் கதை எழுதுகிறவன் நான் ஒருவன்தான். மாட்டிக்கொண்டேன்.

முதல் வரி இப்படி வந்தது:

[அதிகாலை ஐந்து மணி. ஜன்னலோரம் மெல்லிய வெளிச்சம். அமைதியான அறையில் அவள் வேதத்தைத் திறந்து]

அடித்துவிட்டேன். இது திட்டத்தின் துண்டுப் பிரசுரத்தில் இருக்கும் படம். நான் எழுத நினைத்தது என் அக்காவைப் பற்றி. அவள் வீட்டில் இருப்பதே ஒரு அறை. அதில் ஐந்து பேர்.

2

உள்ளதைச் சொல்கிறேன். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். படுக்கை விரிப்புகளைப் போட்டு மெஷினை ஓடவிட்டால் அது நிற்க நாற்பது நிமிஷம். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை வைத்து, வாய்விட்டுப் படிப்பாள்.* மெஷின் போடுகிற சத்தத்தில் அவள் தட்டுத்தடுமாறுவது யாருக்கும் கேட்காது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவள். அதற்கு முன்பெல்லாம் சபையில் புத்தகத்தைச் சும்மா விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் தாளைத் திருப்பும்போது தானும் திருப்புவாள். இப்போது அவளுக்கு ஒரே ஆசை: ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னால் போய் நின்று, அத்தனை பேருக்கும் கேட்கும்படி வேதபாடம் வாசிக்க வேண்டும்.

மாத அட்டவணையில் நாளுக்கு ஒரு கட்டம், படித்தால் ஒரு டிக். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியவர்கள்தான் முன்னால் நின்று வாசிக்கலாம் என்பது திட்டத்தின் விதி.

(* லீவு நாளில் எங்கே படித்தாள் என்று கேட்பீர்கள். மாடிப்படியில்.)

3

செயலாளரைப் பற்றிக் கொஞ்சம். [அவர் நல்ல மனிதர், ஆனால்] வேண்டாம், 'ஆனால்' வந்துவிட்டது.

அட்டவணை அவர் கைவண்ணம். எந்த மாதமானாலும் முப்பத்தொரு கட்டம். ஜூனுக்கும் அதே. மாதம் முடிந்ததும் பதினெட்டுப் பேர் தாளைக் கொடுத்தார்கள். பதினேழு தாளில் முப்பத்தொன்றும் நிரம்பியிருந்தது. பலதில் ஒரே பேனா, ஒரே சாய்வு. அக்காவின் தாளில் மட்டும் கடைசிக் கட்டம் காலி.

"ஒரு நாள் விட்டுட்டீங்களேம்மா," என்றார் செயலாளர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"ஜூன்ல முப்பது நாள்தானேங்கய்யா."

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு, விதி என்றால் விதி, ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லோரும் வந்து நிற்பார்கள் என்று விளக்கினார். பிறகு பெரிய மனசு பண்ணித் தன் பேனாவையே நீட்டினார். ஒரு டிக் போட்டால் விஷயம் முடிந்ததாம்.

"இல்லாத நாள்ல எதைப் படிச்சேன்னு போடுறது?" என்றாள் அக்கா. பேனாவைத் தொடவில்லை. பட்டியலிலிருந்து அவள் பேர் போய்விட்டது.

(எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொய் கூடாது என்று சொல்கிற புத்தகத்தைப் படித்ததற்கு அத்தாட்சியே ஒரு பொய்யாம். அதைப் போட மறுத்தவள் படிக்காதவளாம்.)

4

செயலாளருக்குப் பிடிக்கிற முடிவு: அவள் தவறை உணர்ந்து ஜூலையில் எல்லாக் கட்டத்தையும் நிரப்புகிறாள். எழுதிப் பார்த்தேன்.

[கண்ணீர் மல்க அவள்]

அவள் அழவே இல்லை. விட்டுவிட்டேன்.

இன்னொரு முடிவு: செயலாளர் சபை முன்னால் எழுந்து மன்னிப்புக் கேட்கிறார். இது கதைதான் என்றாலும் ஒரு அளவு இருக்கிறது.

5

இவ்வளவு ஆவேசத்தில் ஒரு விஷயத்தை நைசாகத் தாண்டி வந்துவிட்டேன். இன்று சாயங்காலம் அக்கா கேட்டாள்:

"நீ எத்தனை கட்டம்டா போட்ட?"

பதினேழு பேரில் நானும் ஒருவன். மாதக் கடைசியில், டீ ஆறுவதற்குள், மொத்தத்தையும் போட்டேன். நாளை ஞாயிறு. பாடம் வாசிக்கப்போவது நான்.

முப்பத்தொன்று என்று சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நிதானமா வாசி. கடைசி வரிசைக்கும் கேக்கணும்," என்றாள்.

நாளை என் பேரைக் கூப்பிட்டதும் நேரே முன்னால் போவேனா, அக்கா உட்கார்ந்திருக்கிற வரிசைப் பக்கம் போவேனா? எனக்குப் பதிலாக வாசிக்க அவளை அழைத்தால், என் தாளைப் பற்றி அத்தனை பேர் முன்னால் சொல்லியாக வேண்டும். மற்ற பதினாறு பேரும் என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க வேண்டும். மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்றிலும் நான் உத்தமனாகவே வருகிறேன். அதனாலேயே மூன்றையும் கிழித்துவிட்டேன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எனக்காகப் பரிதாபப்பட வேண்டாம்.

[பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து