குருணை படிந்த முகம்

ஸஜாத் சுபஹுக்கு எழும்பினான். கிணற்றடியில் முகம் கழுவித் தொழுதான். மாமி முனவ்வறா வைத்த தேத்தண்ணியைக் குடித்தான். சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு கல்முனை பஸாருக்கு, முகைதீன்பாவாவின் ஸ்டூடியோவுக்குப் போனான். கதவைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டான்.

யுத்தம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கிட்டத்தட்ட ஐந்து வருடத்துக்கு முன், சுனாமியன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் கிடத்தியிருந்த, பேர் தெரியாத மையித்துகளை முகைதீன்பாவாதான் படம் எடுத்தவர். குளிப்பாட்ட வழியில்லாமல் அவசரமாக அடக்கப்பட்டவர்கள். அந்த நெகட்டிவ்கள் இத்தனை வருடமும் ஒரு தகர டப்பாவில் கிடந்தன. இப்போது, காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்குக் காட்டவென்று, ஒரு நிவாரண அலுவலகம் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முகங்களைத் தெளிவாக்கித் தரச் சொல்லியிருந்தது.

ஸஜாத்தின் மனைவி முஸ்பிறாவும் சுனாமியில் காணாமற்போனவள்; அடக்கிய கப்று என்று ஒன்று அவளுக்கு இல்லை. தன் மகள் எங்கோ ஓர் ஊரில் நினைவு தப்பி உயிரோடிருக்கிறாள் என்று மாமி நம்பினார். வேலை வந்த அன்றே சொல்லிவிட்டார்:

“என்ட புள்ள அதுக்குள்ள இரிக்க மாட்டா. இருந்தா எனக்குச் சொல்லாதீங்க மருமகன்.”

இருட்டு விறாந்தை என்பதால் படமெங்கும் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள், குருணை. முகைதீன்பாவா அதை கிரெய்ன் என்பார். திரையில் உள்ள பட்டையை வலப்பக்கம் இழுத்தால் குருணை குறையும். ஆனால் படச்சுருளின் குருணை எது, முகத்தில் ஒட்டிய கடல்மணல் எது என்று மென்பொருளுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும். யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டதுபோல் முகம் மேலே வரும்.

“கூட இழுத்திராத தம்பி,” என்பார் முகைதீன்பாவா. “பிறகு எல்லாரும் ஒரே உம்மாட புள்ளையள் மாதிரி இருப்பாங்க.”

அன்று முதலில் வந்தது ஓர் இளம்பெண்ணின் படம். இடப்புருவத்தின் மேல் ஒரு புள்ளி. முஸ்பிறாவுக்கு அந்த இடத்தில் அம்மைத்தழும்பு உண்டு. பட்டையை இழுத்தான். புள்ளி போனது. திருப்பி விட்டான். வந்தது, அதைப்போன்ற நூறு புள்ளிகளோடு. தழும்பா, மணலா, குருணையா?

முகத்தை விட்டுவிட்டு உடுப்புக்குப் போனான். நிறப் புள்ளிகளை மட்டும் குறைத்தான். சிவப்பும் நீலமுமாகப் பொரிந்து கிடந்த துணி மெல்ல ஒரே நிறத்துக்கு வந்தது. பச்சை. கடைசியாகக் கண்டபோது முஸ்பிறா போட்டிருந்தது மஞ்சள் கவுன். மஞ்சள்தான், சந்தேகமில்லை. அவனுக்கு மூச்சு வந்தது.

முகைதீன்பாவா பின்னால் வந்து நின்று, தெரிந்த ஆளா என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் அந்தக் காலை நினைவுக்கு வந்தது. சுனாமியன்று அவர்களுக்குச் சம்மாந்துறையில் கலியாண வீடு. அவன் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டான். என்ன உடுக்கப்போகிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவள் அந்த மஞ்சள் கவுனோடு வாசலில் நின்று சொன்னாள்:

“நீங்க முன்னால போங்க. நான் உடுப்ப மாத்திட்டு வாறன்.”