அட்டைகளின் பின்பக்கம்

ஐந்து மணிக்குக் கோவில் மணி அடிக்கும். மர்சலின் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பூசைக்குப் புறப்படுவாள். நான் எழுந்து பால் வாங்கி வைப்பேன். அடுப்பு மூட்டுவது அத்தை. காப்பி குடிப்பேன். சவரம் செய்துகொள்வேன். ஏழரைக்கு மர்சலின் திரும்பி வந்து கால் கழுவுவாள். எட்டேகாலுக்கு நான் சாந்தோமிலிருந்து மயிலாப்பூருக்கு நடப்பேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியர். எட்டு மாதமாக இதில் மாற்றமில்லை.

எட்டு மாதத்துக்கு முன், நாற்பத்தைந்து அக்டோபரில், என் மனைவி லூயிசா டைபாய்டில் இறந்தாள். அவள் அம்மா பியாட்ரிஸும் தங்கை மர்சலினும் எங்கள் கல்யாணத்திலிருந்தே எங்களோடு இருப்பவர்கள். மாமனார் இல்லை. ஆகவே மர்சலினுக்கு நான்தான் கார்டியன். அவளுக்குப் பதினாறு வயது. இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள்.

மேலே என்ன செய்ய ஆசை என்று கேட்டேன். "தெரியலை அத்தான்" என்றாள். லஸ்ஸில் டைப்ரைட்டிங் சேர்த்துவிட்டேன். ஒன்பது நாள் போனாள். வயலின் வாத்தியார் ஒருவரை அமர்த்தினேன். மூன்று வாரத்தில் அவரே நின்றுவிட்டார். அத்தை பூத்தையல் கற்றுக்கொடுத்தாள். அந்தத் துணி இன்னும் பாதி ரோஜாவோடு பெட்டியில் கிடக்கிறது. பிறகும் கேட்டேன். "தெரியலை அத்தான்."

பள்ளிக்கூடத்திலும் இதே கதை. ஜூன் திறந்ததும் தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கை விட்டார். ஒவ்வொரு மாணவனின் உள்ளார்ந்த விருப்பத்தையும் கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். என் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். முப்பத்தெட்டு பேர் குமாஸ்தா என்றார்கள். மூன்று பேர் வக்கீல். வேதாந்தம் என்பவன் மட்டும் எழுந்து நின்று, "ஆத்துல கேட்டுண்டு வந்து சொல்றேன் சார்" என்றான். அதையே எழுதிவிட்டேன். வீட்டில் நாற்பத்து மூன்றாவது ஆள் காத்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே அத்தை ஆரம்பித்தாள்.

"மாப்ளே, நம்ம தேடிக்கிட்டிருந்தது கெடச்சிடுச்சு. மர்சலினுக்குத் தேவ அழைப்பு, கன்னியாஸ்திரி ஆகப் போறா."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஆறு மணிக்குப் பூசை முடியுது. ஏழரை வரைக்கும் அந்தப் பொண்ணு எங்க இருக்கா? முழங்கால்ல இருக்கா. இன்னிக்கு அவ செபப்புத்தகத்தை எடுத்தேன். உள்ள பூரா லூயிசா அட்டை, அவ பேரைப் பாத்ததுமே மேல புரட்ட முடியாம மூடிட்டேன். நாப்பது இருக்கும். அக்கா ஆத்துமத்துக்கு ஒவ்வொண்ணா வெச்சு செபிக்கிறா. பங்குச் சாமியார்கிட்ட போய்ச் சொன்னேன். அவருக்கே கண்ணு கலங்கிடுச்சு."

அட்டை என்பது லூயிசாவின் முப்பதாம் நாள் பூசைக்கு நாங்கள் அச்சடித்துக் கொடுத்தது. சிலுவை, பெயர், தேதி, அவளுடைய ஆத்தும இளைப்பாற்றிக்கு வேண்டிக்கொள்ளுங்கள் என்ற வரி. பின்பக்கம் வெற்று. இருநூறு அடித்தோம். பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது.

"மடத்து மதர் ஞாயித்துக்கிழமை வர்றாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அவளைக் கேட்டீங்களா அத்தை?"

"அவளை எதுக்குக் கேக்கணும்? லூயிசாவே கடைசியா அதைத்தானே சொன்னா, தங்கச்சியை சேசுவுக்குக் குடுத்துடுங்கன்னு."

லூயிசா அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் மட்டும்தான் இருந்தேன். அத்தை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மர்சலினைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன். முப்பதாம் நாளில் அது "தங்கச்சியைப் பாத்துக்கோங்க" ஆனது. கிறிஸ்துமஸில் "நல்ல வழி காட்டுங்க" ஆனது. இப்போது மடம். நான் ஒருமுறையும் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த கேள்வி வரும்.

சாப்பிட்ட பிறகு மர்சலினிடம் கேட்டேன்.

"மடத்துக்குப் போக உனக்கு இஷ்டமா?"

"அக்கா சொன்னாளாமே. அவ சொல்லியிருந்தா போறேன்."

"நான் உன் இஷ்டத்தைக் கேட்டேன்."

"தெரியலை அத்தான்."

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் பூசைக்கு நானும் போனேன். அவள் இருந்த பக்கத்துக்குப் பின்னால் தூண் ஓரமாக நின்றேன். கடைசி ஆசீர் முடிந்ததும் அவள் முழங்காலிடவில்லை. முக்காட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பின்வாசல் வழியாகக் கடற்கரைக்கு இறங்கினாள். பின்னாலேயே போனேன்.

கட்டுமரங்கள் வந்திருந்தன. வேம்பு என்ற மீன்காரி கூடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். மர்சலின் அவளருகே மணலில் குந்தி, ஒரு சுறாக்குட்டியை வயிற்றில் கீறிப் பிளந்து வைத்திருந்தாள். பக்கத்தில் செபப்புத்தகம் திறந்து கிடந்தது. ஒரு கையில் பென்சில்.

வேம்புதான் என்னை முதலில் பார்த்தாள்.

"வா வாத்தியாரே. இன்னாயா உங்க வூட்டுப் பொண்ணு, மீனு கேக்குது, துன்றதுக்கு இல்லியாம். அறுத்துப் பாக்கணுமாம். விக்காத கழிசடை எல்லாம் இதுக்குத்தான் எடுத்து வெச்சிக்கினு கீறேன். கல்யாணம் கட்னா மாமியா இன்னா சொல்லுவா?"

மர்சலின் எழுந்திருக்கவில்லை. நான் ஓர் அட்டையை எடுத்தேன். ஒரு பக்கம் என் மனைவியின் பெயர். மறுபக்கம் திருக்கையின் செவுள்கள், எண் போட்டு. இன்னொன்றில் நண்டின் வயிறு. இன்னொன்றில் கணவாயின் கண். கோடுகள் சுத்தமாக இருந்தன. எனக்குத் துக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"கோவமா அத்தான்? காகிதம் கெடைக்கலை. அட்டை கெட்டியா இருந்துது."

"இதை ஏன் என்கிட்டே சொல்லலை? எத்தனை தடவை கேட்டேன்?"

"நீங்க இதைக் கேக்கலையே. டைப்ரைட்டிங்கா வயலினான்னுதான் கேட்டீங்க." சுறாவின் குடலைக் கத்தி முனையால் விரித்தாள். "இங்க பாருங்க. மத்த மீனுக்கு இப்படி இல்லை. உள்ள மாடிப்படி மாதிரி சுத்திக்கிட்டே போகுது. எதுக்குன்னு தெரியலை. வேம்பக்காவுக்கும் தெரியலை."

"எனக்கு இன்னாத்துக்குத் தெரியணும்" என்றாள் வேம்பு. "கொயம்புல போட்டா எல்லாம் ஒண்ணுதான்."

"இதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கா அத்தான்?"

நான் பி.ஏ. படித்த கல்லூரியில் எங்கள் வகுப்புக்கு நேர் கீழே விலங்கியல் சோதனைச்சாலை. இரண்டு வருஷம் அந்த நாற்றத்தில்தான் சரித்திரம் படித்தேன். இவள் எட்டு மாதமாகக் காலில் மணலோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். அது ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இருக்கு. காலேஜில. இன்டர்மீடியட்டில விஞ்ஞானம் எடுக்கணும். விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசி."

அவள் கத்தியை மணலில் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

"அக்கா மடம்னு சொல்லிட்டாளே" என்றாள்.

விண்ணப்பத்தை அன்றைக்கே வாங்கி வந்தேன். அவள் அதைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மதர் வந்தார். நிதானமானவர். அத்தை நல்ல கோப்பையில் காப்பி கொடுத்தாள். மேஜையில் மடத்துக் காகிதம் விரித்திருந்தது. அத்தை பேனாவை மூடி கழற்றியே என் கையில் தந்தாள்.

"பொண்ணுக்குச் சம்மதந்தானே?" என்று மதர் கேட்டார்.

"அவ அக்காவோட கடைசி வார்த்தைங்க, மதர்" என்றாள் அத்தை. "மாப்ளைகிட்டத்தான் சொன்னா. மாப்ளே, நீங்களே சொல்லுங்க."

மதர் என்னைப் பார்த்தார். மர்சலின் சுவரோரம் நின்றிருந்தாள். அவளிடம் லேசாக மீன் வாடை வந்தது. எல்லோருக்கும் வந்திருக்கும்.

"அத்தான்" என்றாள். "அக்கா நெஜமா அப்படிச் சொன்னாளா?"

பேனாவைக் கீழே வைத்தேன்.

"இல்லை. உன்னைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலை."

அத்தை உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்குத் தலையாட்டினீங்களே."

"ஆட்டினேன். தப்பு."

"இத்தனை நாளா நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். சாமியார்கிட்ட சொல்லியிருக்கேன். அப்ப எம் பொண்ணு என்னதான் சொன்னா? ஒண்ணுமே சொல்லாமலா போனா?"

மதர் கோப்பையைத் தட்டில் வைத்தார். மூன்று பேரும் காத்திருந்தார்கள். யாரிடமும் சொல்வதற்கில்லை என்றுதான் அவளுடைய கடைசி வார்த்தையை வைத்திருந்தேன். சொன்னேன். அன்று மத்தியானம் நான் உள்ளே போனபோது அவள் கண்ணைத் திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சட்டையில ரெண்டாவது பித்தான் இல்லை. இப்படியேவா டிராம்ல வந்தீங்க?"