தவயோகனின் வலது கால் பற்றி மூன்று பக்கங்கள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், வாசகரே: இந்தக் கதை என் நெஞ்சில் ஊறி வந்ததல்ல. வாட்ஸ்அப்பில் வந்தது.

கனடாவிலிருக்கும் எங்கள் புளியங்கூடல் ஊர்ச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு மலர் வெளியிடும். இந்த ஆண்டு மலருக்குப் பொறுப்பு அங்கேயிருக்கும் சசிகரன். போன மாதம், ஊரில் படிப்பிக்கும் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"ரீச்சர், லொறிச் சாரதியளின்ர கஷ்டம், ஆனா மனந்தளராமை. அதுதான் விசயம். அழுகை வேண்டாம். சண்டைக்காலம் வேண்டாம். இஞ்ச பிறந்த பிள்ளையளும் வாசிக்க வேணும். மூண்டே மூண்டு பக்கம். நாலாவது பக்கத்தை நகைக்கடைக்காரருக்குக் குடுத்திட்டன்."

கதாநாயகனையும் அவரே தந்தார். பெயர் தவயோகன். சசிகரனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். சசிகரன் ஊரில் வாங்கிவிட்டிருக்கும் லொறியைப் பத்து வருடமாக ஓட்டுகிறார். கிழமைக்கு இரண்டு தடவை வெங்காயம் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போய், மரக்கறியோடு திரும்புவார்.

ஆக, கதையை எழுதச் சொன்னவர், லொறியின் சொந்தக்காரர், மலரின் ஆசிரியர் எல்லாம் ஒருவரே. இலக்கியத்தில் இதற்கு என்ன பெயர் என்று தெரியாது. எங்களூரில் இதற்கு வசதி என்று பெயர்.

2.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்களை எறிய மனமில்லை. இங்கே கிடக்கட்டும்.

"கிழக்கு வெளுக்கும் முன்பே தவயோகன் தன் இரும்புக் குதிரையின் மீது—" (விசாரித்தேன். அவர் புறப்படுவது காலை பத்து மணிக்கு, இடியப்பம் சாப்பிட்ட பிறகு.)

"பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று சுமையை மூடிய படங்கைப் பிய்த்தெறியப் பார்க்க, தவயோகனின் கண்களில்—" (கண்களில் என்ன அண்ணை இருந்தது என்று அவரிடமே கேட்டேன். "தூசி" என்றார்.)

"வாழ்க்கை ஒரு நெடுஞ்சாலை." (இதற்கு விளக்கம் இல்லை. மன்னிப்பு மட்டும்தான்.)

3.

கஷ்டம் இல்லாமல் மனந்தளராமை எழுத முடியாது. கொப்பியும் பேனையுமாக அவர் வீட்டுக்குப் போனேன். லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி அனோஜினி தேத்தண்ணி தந்தார்.

"உங்கட கஷ்டங்களைச் சொல்லுங்கோ அண்ணை, எழுதுவம்."

"கஷ்டமோ? அப்பிடி ஒண்டும் இல்லை ரீச்சர்."

நான் விடவில்லை. உப்புக் காற்று லொறிக் கதவின் அடிப்பாகத்தைத் தின்றுவிட்டதைக் காட்டினேன். "ஓம், கீழால நல்லாக் காத்து வருது. இந்தக் காலத்து லொறியளுக்கு ஏசி பூட்ட வேண்டிக் கிடக்கு" என்றார். வழியில் யானை மறிப்பதைக் கேட்டேன். "ஒருக்கா ரெண்டு மணித்தியாலம் நிண்டுது. நான் பேப்பர் முழுக்க வாசிச்சன், மரண அறிவித்தலுகளும் விடாமல்." சந்தையில் முறை வரும்வரை லொறிக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பதைக் கேட்டேன். "மழை படாது" என்றார்.

இன்னொன்று, வாசகரே. சசிகரன் லொறிக்குள் ஒரு கருவி பூட்டியிருக்கிறார். லொறி எங்கே நிற்கிறது என்பது கனடாவில் அவருடைய போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். புள்ளி கால் மணி நேரம் அசையாவிட்டால் அவரிடமிருந்து போன் கோல் வரும்.

"ஒண்டுக்குப் போனாலும் கனடாவுக்குத் தெரியும்" என்று சிரித்தார் தவயோகன்.

"அது கஷ்டம்தானே?" என்றேன், பேனையைத் தயாராக வைத்துக்கொண்டு.

"சேச்சே. அவனும் அங்க பனிக்குள்ள லொறிதானே ஓடுறான். தனிய. கதைக்க ஒரு ஆள் வேணுமெல்லோ. எப்பிடி மச்சான் எண்டு கேப்பான். சூப்பர் எண்டுவன். அவனுக்கும் சந்தோசம்."

ஒரு எழுத்தாளருக்கு இதைவிட மோசமான பாத்திரம் வாய்க்காது. எந்தக் கஷ்டத்தைக் கொடுத்தாலும் வாங்கித் துடைத்து, சிரிப்போடு திருப்பித் தருகிறது. இப்படி ஒரு மனிதர் இருக்க மாட்டார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இருக்கிறார் என்றாலும் கதைக்குள் வைத்தால் யார் நம்புவார்? ஆகவே கையும் களவுமாகப் பிடிப்பதற்காக அவரோடு லொறியில் ஏறினேன்.

4.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நாற்பது கதிரைகள் வரவேண்டியிருந்தன. திரும்பி வரும் லொறியில் ஏற்றித் தருகிறேன் என்றிருந்தார் தவயோகன். கதிரைகளை எண்ணும் சாட்டில் நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். நல்ல வெயில், மத்தியானம்.

அவர் பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். ஆனால் ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும் முன்பும் ஒரு கணம் குனிந்து கீழே பார்த்தார்.

"என்ன அண்ணை தேடுறியள்?"

"ஒண்டுமில்லை."

நாலாம் தடவை அவரோடு சேர்ந்து நானும் குனிந்தேன். அவர் தேடியது தன் வலது காலை.

மண்டைதீவுச் சந்தியில் ஒரு பெண் தலையில் மீன் கடகத்தோடு வீதியைக் கடந்தார். தவயோகன் கால் நரம்பெல்லாம் புடைக்க மிதித்தார். லொறி நிற்கவில்லை. குனிந்து பார்த்தார். கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தகட்டை மிதித்துக்கொண்டிருந்தது. தூக்கி வைத்து மிதித்தார். பின்னால் நாற்பது கதிரையும் ஒன்றாக முட்டின. லொறி நின்றபோது பம்பருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையில் மூன்றடி இருந்தது. [திருத்தம்: ஒரு சாண். திருத்தியவர் நானல்ல, ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.]

"கண் தெரியாதோ உனக்கு?" என்று கத்தினார் அந்தப் பெண்.

"கண் நல்லாத் தெரியுது அக்கா" என்றார் தவயோகன். பொய் சொல்லவில்லை.

கொஞ்சத் தூரம் போய் ஓரமாக நிறுத்தினார்.

"சீனி வருத்தம் ரீச்சர். கால் இடைக்கிடை நித்திரை கொள்ளும். எங்க கிடக்கு எண்டு எனக்குச் சொல்லாது. பாத்து எழுப்பினா எழும்பும்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"லொறி ஓட வேண்டாம் எண்டவர். நல்ல மனிசன். ஆனா அவருக்கு லொறியைப் பற்றி ஒண்டும் தெரியாது."

"சசிகரனுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சா விடுவானே? அவனும் சாரதியெல்லோ." பிறகு சிரிக்காமல் சொன்னார்: "லொறி இல்லாட்டி நான் ஆர் ரீச்சர்? எனக்கு வேறை ஒண்டும் தெரியாது. இவ்வளவு காலம் சூப்பர் எண்டு சொல்லிப்போட்டு, இப்ப போய் ஏலாது எண்டு சொல்ல என்ர வாய் வராது."

பேச்சில் கால் மணி நேரம் போயிருந்தது; போன் அடித்தது. கனடா. புள்ளி அசையாமல் நின்றிருந்தது.

"சூப்பர் மச்சான்" என்றார் தவயோகன். "ரீச்சர் படம் எடுக்க வேணுமெண்டு நிப்பாட்டினவா."

(நான் படம் எதுவும் எடுக்கவில்லை. கதையில் வரும் இந்த ஒரு பொய்க்கு என் பெயரைப் பாவித்திருக்கிறார் என்பதைப் பதிவு செய்கிறேன்.)

5.

இந்தப் பகுதி கட்டுரை. பகிடி வேண்டுபவர்கள் ஆறுக்குப் போகலாம்.

மனந்தளராமையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். தேடிப் போய்க் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த பிறகுதான் விளங்கியது, அந்த மீன்காரப் பெண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் லொறியைக் கொண்டுபோய் நிறுத்தியது அதே மனந்தளராமைதான். கொஞ்சம் தளர்ந்திருந்தால் அவர் எப்போதோ ஸ்ரேரிங்கை விட்டு இறங்கியிருப்பார். இதை மலரில் எப்படிப் போடுவது? பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் வேறு.

கதிரைகளை இறக்கிய அடுத்த நாள் அனோஜினி என்னைத் தேடிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்.

"படங்கு கட்டேக்க அவரின்ர உள்ளங்காலில ஆணி ஏறியிருக்கு. அதோடயே நடந்து வந்து சாப்பிட இருந்தவர். நான் பாத்துச் சொன்னாப் பிறகு கேக்கிறார், இது எப்ப வந்தது எண்டு. நான் ஓட வேண்டாமெண்டு சொன்னா வீட்டில சண்டை, ரீச்சர். நீங்கள் எழுதுறியள்தானே."

அவ்வளவுதான் சொன்னார். என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை.

6.

இரண்டு பிரதிகள் எழுதினேன். ஒன்றில் கால் இல்லை. (அதாவது, இருக்கிறது, அதைப் பற்றிய பேச்சு இல்லை.) மற்றது நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது. எழுதப்படுபவருக்குக் காட்டாமல் அனுப்புவது களவு என்று பட்டதால், இரண்டாவதைத் தவயோகனிடம் கொண்டுபோனேன். பிழை இருந்தால் திருத்துங்கோ என்று, மாணவர் கொப்பி திருத்தும் என் சிவப்புப் பேனையையும் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

"மலர்ந்த முகத்துடன்" என்பதை வெட்டினார். "நானென்ன கலியாண மாப்பிளையோ?" "அஞ்சா நெஞ்சன்" போயிற்று. "வீதிகளின் வேந்தன்" என்ற இடத்தில் பேனை தாளைக் கிழித்தது. முப்பத்தைந்து கதிரை என்று எழுதியிருந்தேன்; நாற்பது என்று மாற்றினார்.

பிறகு நாலாம் பகுதிக்கு வந்தார். பேனை தாளுக்கு மேலே நின்றது. முழுப் பக்கத்துக்கும் குறுக்காக ஒரு கோடு இழுத்தால் கதை முடிந்தது. அவர் அதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். எனக்குள் இருந்த ஏதோ ஒரு இரக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த "மூன்றடி" என்பதை வெட்டினார். மேலே நிதானமாக எழுதினார்: ஒரு சாண்.

வேறு எதையும் தொடவில்லை. மூடித் தந்தார்.

"அண்ணை, இதை வெட்டேல்லையோ?"

"பிழையைத்தானே திருத்தச் சொன்னனீங்கள்" என்றார், லொறியைப் பார்த்துக்கொண்டு.

7.

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

அ) தவயோகன் தினமும் பாகற்காய்ச் சாறு குடித்துக் குணமாகிறார். மலருக்கு மிகவும் பிடிக்கும். யாராவது பாகற்காய் விளம்பரமும் தரக்கூடும்.

ஆ) "வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பண்ணைப் பாலத்தில்—"

இதற்கு மேல் எழுதவில்லை. அந்த வீதியில்தான் என்னுடைய வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, வாசகரே. கதைக்காகச் சொல்லவில்லை.

இ) சசிகரன் லொறியை விற்றுவிடுகிறார். தவயோகன் வீட்டு வாசலில் கதிரை போட்டிருந்து, போகிற வருகிற லொறிகளைப் பார்க்கிறார். மூன்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "கடைசியிலும் பாக்க அந்த 'ஆ' முடிவு பரவாயில்லை" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். இருவரும் சரியாகச் சிரிக்கவில்லை.

8.

முடிவை வாசகர் கையில் விட்டுவிட்டு நழுவுவது என்னைப் போன்றவர்களின் வழமையான சோம்பேறித்தனம். வாசகரே, வாசகரே என்று நான் குழைந்ததும் உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். இந்த முறை அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள்தான் நிற்கிறார்.

சசிகரன், நீங்கள்தான். தவயோகனைத் தவிர, அச்சுக்குப் போகுமுன் இதை வாசிப்பது நீங்கள் மட்டும். உங்களுக்குத் தெரியட்டும் என்று அவரும் நினைக்கிறார். அதனால்தான் அந்தப் பக்கத்தை விட்டுவைத்தார். ஆனால் உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல அவரால் ஏலாது.

இன்னொருவர் ஓட்ட, தவயோகன் பக்கத்து இருக்கையில் இருந்து சந்தை அலுவலைப் பார்க்கலாமா? அந்த லொறியின் வருமானத்துக்கு அது கட்டுப்படியாகுமா? வேறு வழி இருக்கிறதா? எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூட ரீச்சர். லொறி உங்களுடையது, நண்பரும் உங்களுடையவர்.

இதை மலரில் போட வேண்டாமென்றால் போடாதீர்கள்; பாகற்காய்க் கதையை அனுப்பி வைக்கிறேன். இன்று புதன், இங்கே காலை ஏழரை. வெள்ளி பத்து மணிக்கு அவர் லொறியை எடுக்கிறார். எப்படி மச்சான் என்று கேட்காதீர்கள். கால் எப்படி என்று கேளுங்கள். கதையை உங்களுக்கு அனுப்பிவிட்டேன் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.