மூலையில் எத்தனை ஆள்

1

இந்தக் கதை ஒரு பேச்சைத் தப்பாகக் காதில் வாங்கியதில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம். மேற்குத் தாம்பரத்தில், கடப்பேரிப் பக்கம் ஒரு சந்தில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஓட்டு வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "என் ஆளு செத்துட்டான்டா. உன் ஆளுல ஒண்ணு குடு."

கல்குவாரி ஓரம் வளர்ந்தவன் காதில் இந்த வார்த்தை சும்மா விழாது. ஒரு செருப்பு சந்திலேயே கழன்றுகொள்ள, உள்ளே ஓடினேன். பிணம் எதுவும் இல்லை. ரெண்டு ஆம்பளைகள் டிவி முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், கையில் ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக். ஓரமாக ஸ்டூலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெண் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள்.

"உன் மொற வர அரை மணி ஆவும் சார். குந்து."

அவளுக்கு நான் இந்தக் கதையில் வைத்திருக்கும் பேர் பேபி. இனி வருவதெல்லாம் என் கற்பனை. பூண்டு மட்டும் நிஜம்.

2

எப்படி ஆரம்பிப்பது?

"மலையில் வேட்டுச் சத்தம் கேட்டபோது பேபி கையிலிருந்த" — வேண்டாம். குவாரியைப் பற்றி எழுதுகிற எல்லாரும் வேட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

"தொலைக்காட்சி என்னும் மாயப்பெட்டி நம் இல்லங்களுக்குள் நுழைந்த அந்த" — இது பள்ளிக்கூடத்துக் கட்டுரை. பேபி படித்தால் பூண்டுத் தோலை என் மூஞ்சியில் ஊதுவாள்.

"ஆளு எங்க?" என்று கேட்டாள் பேபி.

இதுதான். ஆனால் இந்தக் கேள்வி புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வர வேண்டும்.

3

பேபியின் புருஷன் சவுரிமுத்து குவாரியில் வேட்டு வைக்கிறவர். பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு, பள்ளத்திலிருந்து மேலே ஏறி ஓடி வர வேண்டும். பேபிக்கும் அங்கேதான் வேலை. மேலே ரோட்டில் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் துணியைத் தூக்கினால் லாரி நிற்க வேண்டும். இறக்கினால்தான் நகர வேண்டும்.

போன வருஷம் அசரியா போனான். சவுரிமுத்துவோடு சேர்ந்து வேட்டு வைத்தவன். மேஸ்திரி மேலேயிருந்து தலையை எண்ணினார், எல்லாரும் ஏறியாச்சு என்றார். பள்ளத்தில் ஒரு மூலை மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. அசரியா அந்த மூலையில் இருந்தான்.

(இந்தப் பத்தியை ரெண்டு தடவை அடித்தேன். பின்னால் டிவியின் மூலை வரப் போகிறது. இங்கேயும் மூலையா, ஜோடித்தது மாதிரி இருக்கிறதே என்று கூச்சம். அப்புறம் விட்டுவிட்டேன். குவாரியில் ஆளைத் தின்பது மூலைதான். அதை நான் கொண்டுபோய் அங்கே வைக்கவில்லை.)

அசரியாவை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு பேபி சொல்லிவிட்டாள். "இனிமே நீ பள்ளத்துல எறங்கக் கூடாது. வூட்டு முன்ரூமுல டிவி கேம் கடை போடுறேன். நீ சில்லற வாங்கிப் போட்டுக்கினு குந்து."

கேம் பொட்டி வந்தது. வீட்டிலிருந்த பழைய கறுப்பு வெள்ளை டிவியில் மாட்டினார்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிற கேசவனும் அவன் கூட்டாளிகளும் ஷிப்ட் முடிந்து வந்தார்கள். ரெண்டு பேர் சேர்ந்து ஓடிச் சுடுகிற ஆட்டம். ஒவ்வொருவருக்கும் மூன்று உயிர். கிழக்குத் தாம்பரம் காலனிகளில் அதை லைஃப் என்பார்கள். இங்கே ஆளு. உன் ஆளெல்லாம் தீர்ந்துவிட்டால் ஜோடி ஆடுகிறவனின் ஆளில் ஒன்றை நீ எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்கு பேபி வைத்தது ஒரே சட்டம். ஆளு மிச்சம் இருக்கும்போது எவனும் எழுந்திருக்கக் கூடாது, யாரும் எழுப்பவும் கூடாது.

சட்டம் சரிதான். எத்தனை ஆள் மிச்சம் என்பதை ஆட்டம் திரையின் மேல் மூலையில் காட்டும். அந்த டிவியில் மேல் மூலை தெரியவில்லை.*

"எந்திரிடா, உன் ஆளு தீந்துட்டான்."

"இன்னும் ஒரு ஆளு கீறான்டா!"

"அது என் ஆளு. திருடிக்கினியா?"

சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கேசவன் வருவதை நிறுத்தினான். ஒவ்வொருவராக நின்றுபோய்ப் பாய் காலியானது. ஒரு நாள் சவுரிமுத்து முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இது ஆவாது பேபி. மேஸ்திரி கூப்புட்டாரு. திங்கக்கெழம லாரி வருது, நான் போறேன்."

"திங்கக்கெழமதான? அதுக்குள்ள வேற டிவி பாப்போம்" என்றாள் பேபி.

* அந்தக் காலத்து டியூப்புக்கு நாலு மூலையும் மழுங்கியிருக்கும். படமும் டியூப்பை விடக் கொஞ்சம் பெரிதாக விழுந்து ஓரம் வெட்டுப்படும். சினிமாவுக்கு அதனால் நஷ்டமில்லை. எந்த டைரக்டரும் கதாநாயகியைக் கொண்டுபோய் மூலையில் நிறுத்துவதில்லை.

4

சிட்டிபாபு மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய டிவி வாங்கி விற்கிறவர். முதல் பிரதியில் இவரை ஏமாற்றுக்காரராக எழுதியிருந்தேன். கண்ணைக்கூடக் கொஞ்சம் சுருக்கிவிட்டிருந்தேன். எழுத எழுத அந்த மனுஷன் அதற்கு இணங்கி வரவில்லை. கண்ணைத் திரும்பவும் திறந்துவிட்டேன்.

"இத பாரு தங்கச்சி. மரப்பொட்டி. ரெண்டு பக்கமும் இழுக்குற கதவு. பூட்டிட்டா பீரோ மாதிரி நிக்கும்."

பாட்டு கேசட் ஓடியது. திரை நிறைய ஒரு பெண்ணின் முகம். சவுரிமுத்து கிட்டே போனார். "பேபி, மூக்குத்திக் கல்லு கூட தெரியுது பேபி."

"மூக்குத்திய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? பாட்ட நிறுத்துண்ணா. நம்ம பொட்டிய மாட்டு."

ஒயர் கூடையிலிருந்து கேம் பொட்டியை எடுத்தாள். சிட்டிபாபு பதறிப்போனார்.

"கேமா? வேணாம்மா, டியூப் பூடும்."

"டியூபு யார்து?"

"இன்னும் என்துதான்."

"அப்போ பயம் உனக்குத்தான். மாட்டு."

சவுரிமுத்துவை ஆட உட்காரவைத்தாள். அவள் டிவிக்கு முன்னால் நிற்கவில்லை. பக்கவாட்டில் நின்று, கழுத்தைச் சாய்த்து, மேல் மூலையை மட்டும் பார்த்தாள்.

"ஆளு எங்க?"

"எந்த ஆளு?"

"எத்தினி ஆளு மிச்சம்னு மேல காட்டுமே, அது எங்க?"

"அது யாருக்கும்மா வேணும்? நடுவுல ஓடுறான் பாரு, ஜம்முனு!"

"நடுவுல ஓடுறவன் எல்லாருக்கும்தான் தெரிவான்."

சிட்டிபாபு அடுத்ததைத் துடைத்து வைத்தார். யாரோ கப்பலில் கொண்டுவந்த செட்டு, ரிமோட்டோடு. மூலைகள் கத்தியால் நறுக்கினது மாதிரி சதுரம். பேபிக்கு முகம் மலர்ந்தது. பொட்டியை மாட்டியதும் படம் கீழிருந்து மேலே உருள ஆரம்பித்தது. ரிமோட்டில் இருந்த பட்டனையெல்லாம் சிட்டிபாபு அமுக்கினார். நிற்கவே இல்லை.

"உன் பொட்டி பேசுற பாஷ இதுக்குப் புரியல தங்கச்சி."

"அது இன்னா?" மேஜைக்கு அடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு செட்டு இருந்தது. ஒரு திருகு உடைந்து, அந்த இடத்தில் வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"அது உதிரி சாமானுக்கு வெச்சிக்கினு கீறேன். கலர் நல்லாதான் வரும். மூஞ்சி சரியில்ல."

"மூஞ்சி எனக்கு எதுக்கு?"

மாட்டினார்கள். சவுரிமுத்து மறுபடி ஆட உட்கார்ந்தார். படம் உருளவில்லை, கலரும் ஒழுங்காக வந்தது. மேல் மூலை மட்டும் வழக்கம்போலத் தெரியவில்லை. பேபி ஒயர் கூடையைக் கையில் எடுத்தாள். சவுரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். திங்கட்கிழமை அந்தக் கடைக்குள்ளேயே வந்து நின்றுவிட்டது.

சிட்டிபாபு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் டிவியின் முதுகுப் பக்கம் போனார். "ஒண்ணு செய்யலாம். ஆனா திட்டக்கூடாது. மேலயும் கீழயும் கறுப்பா பட்ட வுழும். இதுல படம் பாக்குறவன் காறித் துப்புவான்." பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு மெல்லத் திருகினார்.

படம் மேலேயும் கீழேயும் சுருங்கியது. கறுப்புப் பட்டை விழுந்தது. அதற்குக் கீழே, இடது பக்கம், சின்னச் சின்னப் புள்ளிகளால் செய்த பொம்மைகள், பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

பேபி கண்ணாடி மேல் விரலை வைத்தாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

ரோட்டு மேலிருந்து அவளால் ஒரு நாளும் எண்ண முடியாத எண்ணிக்கை அது.

(இந்த வரியை எடுத்துவிடலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன். இருக்கட்டும்.)

அதைப் பார்த்ததில் சவுரிமுத்துவின் கை ஒரு நொடி ஆட்டத்தை மறந்தது. ஓடிக்கொண்டிருந்தவன் பள்ளத்தில் விழுந்தான். "ஒரு ஆளு பூட்டான்" என்றார் வாய் தவறி. அசரியா அன்றைக்கு மேலே ஏறி வராதபோதும் அவர் வாயில் வந்த வார்த்தை அதுதான்.

பேபி விரலை எடுக்கவில்லை. "ரெண்டு பேரு கீறாங்க. ஆடுய்யா."

அந்த செட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது சவுரிமுத்து மரப்பொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "அந்த மூக்குத்தி…"

"நட யோவ்."

தான் விற்கிற சரக்கின் அழகைத் தன் கையாலேயே குறைத்துக் கொடுத்த ஒரு வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சிட்டிபாபுவை ஏமாற்றுக்காரராக எழுதிய அந்தப் பக்கத்தை எடுத்து அடுப்பில் போட்டேன்.

5

முடிவு.

அ) சவுரிமுத்து திங்கட்கிழமை லாரி ஏறுகிறார். மத்தியானம் மலைப்பக்கம் ஒரு சத்தம். பேபி நிமிர்ந்து டிவியின் மூலையைப் பார்க்கிறாள். அங்கே பொம்மைகள் ஒவ்வொன்றாக — கிழித்துவிட்டேன். குவாரிக்காரனைச் சாகடித்தால் கதைக்குக் கனம் வரும் என்று எழுதுகிறவர்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. கனம் தூக்கிப் பழகியவன் சொல்கிறேன், அதில் ஒன்றும் பெருமை இல்லை.

ஆ) கடை பெருகி, கூடுவாஞ்சேரியில் ஒன்று, படப்பையில் ஒன்று என்று கிளை விட்டு, பேபி ரிப்பன் வெட்டுகிறாள். இது பேங்க்கில் ஒட்டுகிற போஸ்டர்.

இ) கேசவன் திரும்பி வந்து

இல்லை. கேசவன் வரலாம், வராமலும் போகலாம். அவன் ஷிப்ட் எனக்குத் தெரியாது.

6

எனக்குத் தெரிந்தது திங்கட்கிழமை காலை மட்டும்.

சந்து முனையில் லாரி வந்து நிற்கிறது. ஒரு ஹாரன். சவுரிமுத்து குளித்து, காக்கி டவுசர் போட்டு, தலையில் துண்டு கட்டிவிட்டார். பேபி டிவி மேல் மூடியிருந்த துணியை எடுக்கிறாள். குவாரி ரோட்டில் பிடித்துக்கொண்டு நின்ற அதே சிவப்புத் துணி.

"வரேன் பேபி."

"இரு. ஆள் வர்றதுக்குள்ள மூலை சரியா தெரியுதானு பாக்கணும். ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போ."

"லாரி நிக்குது."

"நிக்கட்டும். குந்து."

உட்காருகிறார். ஆட்டம் ஆரம்பிக்கிறது. மூலையில் மூன்று ஆள். ரெண்டாவது ஹாரன். எழுந்திருக்கப் பார்க்கிறார். பேபி சுவரைக் காட்டுகிறாள். கடைச் சட்டம் அதில் கரியால் எழுதியிருக்கிறது. அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

"எனக்குமா?"

"கடைக்குள்ள குந்துன எல்லாத்துக்கும்தான்."

திரி கொளுத்துகிற கை. நடுங்காது. அவர் ஆடுகிற அழகை நான் என்னவென்று எழுத? விரல் ரெண்டும் பட்டனைத் தொடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்படியும் ஒரு ஆள் விழுகிறான். ரெண்டு. பேபி வாசலுக்குப் போய், சந்து முனையைப் பார்த்து, சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறாள். டிரைவருக்கு அந்தத் துணியைத் தெரியும். இத்தனை வருஷமும் அதற்கு நின்று பழகியவன்.

இன்னொரு ஆள் விழுகிறான். மூலையில் ஒன்று.

எவ்வளவு நேரம்தான் கை தூக்கியிருப்பாள்? எவ்வளவு நேரம்தான் லாரி நிற்கும்? அதை நான் எழுதப் போவதில்லை. எழுத வராமல் இல்லை. நான் எழுதுகிற பக்கத்துக்கும் மூலை மழுங்கல்தான். அந்த மூலையில் என்ன நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இது ரெண்டு பேர் ஆடுகிற ஆட்டம் என்று முன்பே சொன்னேன். பாயில் இன்னொரு ஜாய்ஸ்டிக் சும்மா கிடக்கிறது. நான் எடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் எல்லா ஆளையும் தொலைத்துவிடுவேன். அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். உங்களுக்கும் மூன்று ஆள் உண்டு. அவர் ஆள் தீர்ந்தால் திரும்பி உங்களைப் பார்ப்பார், ஒரு ஆளு குடு என்று. ஆளு மிச்சம் இருக்கிற வரைக்கும் சட்டப்படி அவர் எழுந்திருக்கக் கூடாது.

மறுபடி ஹாரன் அடிக்கிறான். குந்துங்க.