எட்டாம் நம்பர் கண்ணாடி

என்னுடைய கண்ணாடியை ஒரு காட்டெருமை மிதித்துவிட்டது. இதைச் சொன்னால் யாரும் முதலில் பரிதாபப்படுவதில்லை, சிரிக்கிறார்கள். பிறகுதான் "ஐயோ பாவம்" வருகிறது. எனக்கு மைனஸ் எட்டு. மூக்கில் ஒட்டிப் பிடித்தால் எறும்பின் காலைக்கூட எண்ணிவிடுவேன். அரை முழத்துக்கு அப்பால் உலகம் வெறும் கஞ்சி. போதாததற்கு என் பிழைப்பே மற்றவர்கள் கண்ணுக்கு நம்பர் பார்ப்பது. கல்லூரி விடுதியில் எனக்கு வைத்த பெயர் சோடாபுட்டி. இன்றைக்கும் அதுதான்.

எருமை வருவதற்கு மூன்று மாதம் முன்னால், கடல் தாண்டி ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பினேன். "ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு" என்றான் அண்ணன். "பாத்துக்கிட்டே இரு" என்று சவால் விட்டுத்தான் விமானம் ஏறினேன். ஆழம் தெரியாமல் காலை விடுவதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அறை ஒரு தையல்கடை மாடியில். பகலெல்லாம் மெஷின் அதிர்வு தரை வழியாகக் கட்டிலில் ஏறி என் முதுகில் இரண்டு தையல் போட்டுவிட்டுப் போகும். அலமாரிக் கதவு தானாகத் திறக்கும். விடியற்காலை ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். தவறவிட்டால் அன்றைக்குக் குளியல் கனவில்தான். ஊர்ப் பாஷையில் எனக்குத் தெரிந்த முதல் இருபது வார்த்தையும் வேலைக்கானவை. மேலே பார், கீழே பார், இதுவா நல்லாத் தெரியுது, அதுவா? காய்கறிக் கடையில் இரண்டு முட்டைக்கோஸைத் தூக்கிக் காட்டி, "இதுவா நல்லாத் தெரியுது, அதுவா?" என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ரொம்பப் பொறுப்பாக, "அது" என்றார்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்தது மருந்து வைக்கும் அறை. கண் சோதனைக்கு இருபதடி வேண்டும், அறையோ பத்தடி. அதனால் சோதனைப் பலகையை நடையின் கோடியில் மாட்டிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, நோயாளியை உள்ளே உட்கார வைத்தேன். நடையில் போகிறவர்கள் எல்லாம் பலகையை மறைப்பார்கள். "குனிங்க! குனிங்க!" என்று நான் கத்த, பெரிய டாக்டர்கூடக் கோழிக்கூண்டுக்குள் நுழைகிறவர் மாதிரிக் குனிந்து போனார். இரண்டு வாரத்தில் ஊரே எனக்காகக் குனியப் பழகிவிட்டது. எனக்குத்தான் ஊர் பழகவில்லை. சாயங்காலம் ஆனால் வீட்டு நினைப்பு வந்துவிடும். பேச ஆளில்லாமல், தானாகத் திறக்கும் அலமாரியிடம் "என்ன வேணும் உனக்கு?" என்று சண்டை போட்டேன்.

பத்தாவது வாரம் விடுதித் தோழிக்குப் போன் செய்தேன். அவள் பெயர் ரேடியோ. வாயை மூடத் தெரியாதவள். அவளும் வாத்தியாரும் என்னைப் பார்க்க வருவதாகவும், மூன்று பேரும் மூன்று நாள் மிருகங்கள் பார்க்கக் காட்டுக்குப் போவதாகவும் முன்பே பேச்சு. வாத்தியாரும் பெண்தான், நிமிஷத்துக்கு நிமிஷம் திருத்துவாள் என்பதால் அந்தப் பெயர். "திரும்பிப் போறப்ப எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுடு" என்றேன். ரேடியோ வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே வார்த்தையில், "சரி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லவில்லை. விடுமுறைக்குப் போகிறேன் என்றேன். திங்கட்கிழமை காலை விமானத்துக்குப் போகும் வழியில், டாக்டர் மேஜையில் சாவியையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு நழுவிவிடுவதாகத் திட்டம். கோழைத்தனம்தான். வேறு பெயர் கிடையாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சலவையம்மா வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை எல்லாம் துவைப்பவர், ஐம்பது தாண்டியவர். கறை போகவில்லை என்று நர்ஸிடம் தினமும் திட்டு வாங்குகிறவர். நம்பர் பார்த்தால் மைனஸ் எட்டு, இரண்டு கண்ணும். அச்சாக என்னுடையது. எங்கள் பெட்டியில் தயாராக இருக்கும் கண்ணாடிகள் மைனஸ் ஆறோடு சரி. அதற்கு மேலே என்றால் நகரத்துக்கு எழுதிப் போட்டு நாலு வாரம் காத்திருக்க வேண்டும். வந்த பிறகு காதுக்கும் மூக்குக்கும் வளைத்துப் பொருத்த ஆள் வேண்டும். அந்த ஆள் அப்போது இருக்கமாட்டாள். நான் என் கைப்பையைத் திறந்து, அவசரத்துக்கென்று வைத்திருந்த என் இரண்டாவது கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டினேன். கிளம்பப் போகிறவளுக்குத் தாராள மனசு சும்மா வரும்.

அவர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். "நீ இவ்ளோ சின்னப் பொண்ணா? கத்துறதைக் கேட்டு என் வயசுன்னு நெனச்சேன்." அவர் பேசினது அந்த ஊர்ப் பாஷையில், நான் நம் பேச்சில் எழுதுகிறேன். பிறகு கொல்லைப்பக்கம் போனார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அத்தனையையும் இழுத்து மறுபடி தண்ணீரில் போட்டார்.

காட்டில் முதல் நாளே எருமை. திறந்த கூரை வண்டியில் எழுந்து நின்று, தூசி துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கண்ணாடி பறந்தது. "நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார் டிரைவர், ஆனால் கீழே இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். "எங்க இருக்குன்னு தெரியுது மேடம். ஆனா ஒருத்தர் அது பக்கத்துல நிக்கிறார்" என்றார். அந்த ஒருத்தர் நகர்ந்து, மிதித்து, புல்லைத் தின்றபடி போனார்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க. உனக்கு சஃபாரி" என்றாள் வாத்தியார்.

"கவலைப்படாதடி, நான் சொல்றேன், நீ கேளு" என்றாள் ரேடியோ. அப்போதே ஆரம்பித்தாள். எங்கள் வலதுபக்கம் சிங்கம் படுத்திருந்தது, கொட்டாவி விட்டது, பல்லெல்லாம் மஞ்சள். "அது பாறை" என்றாள் வாத்தியார். மரத்தில் சிறுத்தை. "அது கிளை." நூறு வரிக்குதிரை. "ஏழு." பொய்யென்று தெரிந்தும் எனக்கு ரேடியோ சொல்வதுதான் பிடித்தது. வாத்தியாரின் காட்டில் கூட்டம் குறைவு.

ஆனால் இரண்டாம் நாள் அந்தக் கஞ்சி உலகம் மெல்ல மெல்ல எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. புல்வெளி என்பது ஒரு பெரிய மஞ்சள். காற்று அடித்தால் அதில் வெள்ளை ஓடும். வானம் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை, எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஒட்டகச்சிவிங்கிகள் மரங்களாக நின்றன, பிறகு மரங்களில் சில நடந்து போயின. என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த புல்விதையை மூக்கருகே கொண்டுவந்தேன். அதன் முள்ளும் முள்ளின் நுனியும் அப்படிப் பளிச்சென்று இருந்தன. அதுவும் நானும் மட்டும் நிஜம், மற்றதெல்லாம் யாரோ பாதி தூக்கத்தில் நினைத்துக்கொள்வது.

சாயங்காலம் யானைகள் வந்தன. டிரைவர் இன்ஜினை அணைத்தார். ரேடியோகூட நிறுத்திவிட்டாள். என் முன்னால் ஒரு சாம்பல் மலை, சத்தமில்லாமல் இடம் மாறியது. அதன் பின்னால் இன்னொன்று. இலை கிழிபடும் சத்தம், அவற்றின் வயிற்றுக்குள்ளே ஏதோ உருளும் சத்தம், ஈர மண் வாசனை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூன்று மாதத்தில் முதல்முறையாக நான் சந்தோஷமாக இருந்தேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை; துடைத்தால் மட்டும் என்ன தெளிவாகத் தெரிந்துவிடப் போகிறது?

அந்த நேரத்தில்தான் சலவையம்மா ஞாபகம் வந்தது. எனக்கு இது மூன்று நாள் வேடிக்கை. அந்த அம்மா இந்தக் கஞ்சியில்தான் ஐம்பது வருஷம் துணி துவைத்து, பிள்ளை வளர்த்து, கறைக்குத் திட்டும் வாங்கியிருக்கிறார். வேண்டாம், இதெல்லாம் இப்போது எதற்கு என்று நினைப்பை ஒதுக்கினேன். ஒதுக்கினாலும் அதற்குப் பிறகு தூரத்தில் தெரிந்த கட்டை, புதர், பாறை எல்லாமே என் அறை வாசல் பெஞ்சில் காத்திருக்கும் ஆள் மாதிரியே தெரிந்தது.

"நாளன்னிக்கு ஊருக்குப் போனதும் ஒரே நாள்ல புதுக் கண்ணாடி போட்டுக்கலாம். அதுவரைக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறோம்" என்றாள் வாத்தியார். நியாயமான பேச்சு. அவள் பேச்சு எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தச் சொன்னேன். "அஞ்சே நிமிஷம்" என்று இறங்கி, சுவரைத் தடவிக்கொண்டு நடைக்குள் போனேன். கையில் சாவி, கடிதம். பாதி தூரத்தில் யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். சோப்பு வாசனை.

"கண்ணாடி எங்கே பொண்ணு?" என்றார் சலவையம்மா.

"உடைஞ்சு போச்சு."

நான் முடிப்பதற்குள் என் மூக்கில் ஏதோ ஏறியது. அவர் யோசிக்கக்கூட இல்லை. "உன்னோடதுதானே, வச்சுக்கோ. எனக்குப் பழக்கம்தான்."

மூன்று நாளைக்குப் பிறகு உலகம் ஒரே நொடியில் விளிம்போடு வந்து நின்றது. கொல்லைக் கதவு வழியே கொடியில் விரிப்புகள், ஒரு பொட்டுக் கறை இல்லாமல். பெஞ்சில், மடியில் துணிமூட்டையோடு, சலவையம்மாவைப் போலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு வயதான ஒரு பெண். "என் அக்கா" என்றார் அவர். "எனக்கு இப்ப கண்ணு தெரியுதுன்னு சொல்லி அனுப்பினேன். ரெண்டு பஸ் மாறி வந்துட்டா. நேத்துலேருந்து உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கா." சொல்லிவிட்டுக் கையை நீட்டிச் சுவரைத் தேடினார். அந்தக் கை சுவரைத் தேடிய விதத்தைப் பார்த்தேன். சற்று முன்னால் நான் தேடியதும் அதே மாதிரித்தான்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றால், அண்ணன்மேல், எருமைமேல், அந்தக் கடிதத்தின்மேல். "பழக்கமா? என்ன பழக்கம்? மூணு நாள்ல எனக்குப் பழகலையே!" என்று நடையே அதிரக் கத்தினேன். தூரத்தில் யாரோ பழக்கதோஷத்தில் குனிந்தார்கள். கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கிலேயே திருப்பி மாட்டினேன். உலகம் மறுபடி கஞ்சியானது. "அக்காவை உள்ளே கூட்டிட்டு வாங்க. நீங்க போய்ப் பலகை பக்கத்துல நில்லுங்க."

கடிதத்தை மடித்துப் பையில் போட்டேன். இருப்பது ஒரே சோதனைச் சட்டம், வில்லைகளை மாற்றி மாற்றிப் போடும் இரும்புச் சட்டம். அது அக்காவின் மூக்குக்கு. வில்லை விளிம்பில் இருக்கும் நம்பரை மூக்கருகே வைத்து நானே படித்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கான பலகை அது, எழுத்துக்குப் பதில் மூன்று பல் சீப்பு மாதிரிப் படங்கள். பல் எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். எந்த வரிசையில் எது எந்தப் பக்கம் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். சலவையம்மா ஒவ்வொன்றாகத் தொட்டு, அக்காவின் கையைப் பார்த்து, "மேல காட்டுறா, கீழ காட்டுறா" என்று குரல் கொடுத்தார்.

"இதுவா, அதுவா?"

"அது."

ஏழரை. எட்டு. எட்டரை. வெளியே காரின் ஹாரன் கேட்டது. ரேடியோ செருப்புச் சத்தத்தோடு ஓடிவந்தாள். "ஏய் சோடாபுட்டி, அஞ்சு நிமிஷம் அரை மணி ஆச்சு!" ஒன்பதைப் போட்டேன். அக்கா பலகையைக் கடைசி வரிசை வரை காட்டிவிட்டார். பிறகு பேச்சே இல்லை.

"என்னடி பண்றாங்க?" என்று ரேடியோவிடம் கேட்டேன்.

"பக்கத்துல வான்னு தங்கச்சியக் கூப்பிட்டாங்க. மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருக்காங்க. கையை நீட்டறாங்க. அந்தம்மா புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்குடி, பழைய தழும்பு. அதைத் தொடறாங்க." இந்த முறை திருத்த வாத்தியார் இல்லை. தேவையும் இருக்கவில்லை. "ஏதோ கேக்கறாங்களே, என்னடி கேக்கறாங்க?"

பாஷை எனக்குத் தெரியும். "சின்ன வயசுல நான் வீசின மூடி பட்டதா இது, இவ்ளோ பெரிசா, ஏன் சொல்லவே இல்லைன்னு கேக்கறாங்க."

"அதுக்கு அந்தம்மா?"

"சொன்னா நீ அழுவே, அதான்னு சொல்றாங்க."

ரேடியோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ வரல, இல்ல?" என்றாள்.

"வரல. நகரத்துக்கு எழுதணும், ரெண்டு கண்ணாடி. முதல்ல அக்காவோடது."

"நாலு வாரம் என்னடி பண்ணுவே, கண்ணு தெரியாம?"

"வாசல்ல இன்னும் பதினாறு பேர் இருக்காங்கன்னு அந்தம்மா எண்ணிச் சொன்னாங்க. பார்த்துக்கறேன்."

வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வாத்தியார் என்னைக் கட்டிக்கொண்டு, "அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். அதற்குள் ரேடியோ தன் வேலையைத் தொடங்கிவிட்டாள். "இப்ப கதவைத் திறக்கறேன்டி. ஏறிட்டேன். வாத்தி அழல, ஆனா அழற மாதிரி இருக்கா. வண்டி கிளம்புது. கையாட்டறேன்டி, ரெண்டு கையாலயும் ஆட்டறேன். தையல்கடை தாண்டறோம்டி..." தெருக்கோடி வரை அந்தக் குரல் கத்திக்கொண்டே போனது. நான் குரல் வந்த பக்கம் பார்த்துக் கையாட்டினேன்.